நியூட்டலில் உருண்ட கார்

போரும் தடையுமாய் வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். கண்டாவளைப் பக்கம் வாடகைக்கு ஓடிய அந்தப் பழைய மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அதன் சாரதி மெலிந்த மனிதர், காதோரம் நரை. கன்றுக்குட்டியின் தலையைத் தடவுவதுபோல அவருடைய இடக்கை எந்நேரமும் கியர்க் குமிழைத் தடவிக்கொண்டிருக்கும்.

காய்ச்சலில் கொதித்த மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பின்னேரம் அந்தக் காரில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை விடாமல் அனுங்கினாள். இருந்த எண்ணெய் போய்ச்சேரக் காணுமோ என்பதே என் யோசனை. பாலத்து இறக்கத்தில் திடீரென்று சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

“ஐயோ அண்ணை, நிண்டுபோச்சோ?”

“இல்லைத் தம்பி. எஞ்சினை நிப்பாட்டி, கியரை எடுத்து நியூட்டலிலை விட்டிருக்கிறன். எண்ணெய் மிச்சம். பேசாமல் இருங்கோ, உருளும்.”

வயற்காற்று உள்ளே வந்தது. கார் தண்ணீரில் மிதப்பதுபோலப் போனது. பிள்ளையின் அனுக்கமும் குறைந்தது.

“கனடாவிலை கியர் தானா மாறுமாம். மச்சான் எழுதினவன்” என்றேன், பயத்தை மறைக்க.

“அப்ப இடக்கைக்கு என்ன வேலை, சொறியிறதோ?” என்று சிரித்தார். “அதோடை, மடியிலை காய்ச்சல்காரப் பிள்ளை இருக்கெண்டு அந்தக் கியருக்கு ஆர் சொல்லுறது?”

இறக்கம் முடிய, கியரைப் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டார். எஞ்சின் ஒரு தும்மலோடு எழும்பியது. ஆஸ்பத்திரி கிட்ட வர மறுபடி எஞ்சினை நிப்பாட்டினார்; வாசலுக்கும் சத்தமில்லாமல் உருண்டே வந்து சேர்ந்தோம். மகள் நித்திரையாகியிருந்தாள்.

இப்போது கியர் தானாக மாறும் கார்களில் ஏறும்போதெல்லாம், சும்மா கிடக்கும் சாரதியின் இடக்கையைப் பார்க்கிறேன். அன்று அந்த மனிதர் மிச்சம் பிடித்தது எண்ணெயையா, பிள்ளையின் நித்திரையையா?