எங்கள் தெருக் குடிலின் பொட்டு வைத்த மாதா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு நோட்டை எடுப்பேன், மேலே சின்னதாய் ஒரு சிலுவை போடுவேன், இரண்டு வரி எழுதுவேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன். பால் ஒருநாளும் பொங்கியதில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். எட்டாவதோடு நின்றவள் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு சாக்கும் வைத்திருந்தேன். சொந்தக் குடும்பத்து ஆளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் நிஜமான காரணம். இந்த வருஷம் கோபம் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. நீங்கள் எனக்கு வேண்டியவர், எதிரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நடுவில் பேச்சு வேறெங்காவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் மகன் பண்டிகைக்காக வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தான். டர்பன்டைன் வாசனை வீடு முழுக்க ஏறிவிட்டது. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் டப்பா பக்கத்திலேயே நின்றேன். "என்னாம்மா, தலய சுத்துதா?" என்று மகன் கேட்டான். தலை சுற்றவில்லை. அந்த வாசனைக்கு என் கணக்கில் இருபது வயசு.

இருபது வயசில் நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெந்து வந்த வெள்ளைப் பொம்மைக்குக் கண், மூக்கு, புடவைக் கரை எல்லாம் தீட்டுகிற வேலை. கலர்ப் பொடியை டர்பன்டைனில் குழைத்துத் தீட்டினால், பொம்மை மறுபடி சூளைக்குப் போகும். வெந்து வந்த கலரை அதற்குப்பிறகு யாராலும் எடுக்க முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்குப் பக்கத்து மணையில் சிவகாமி. பானை செய்கிற குடும்பத்துப் பெண், எங்கள் தெருவை ஒட்டிய சந்தில் வீடு, என்னைவிட இரண்டு வயசு சின்னவள். நான் ஒரு பொம்மைக்குக் கண் வைப்பதற்குள் அவள் மூன்று பொம்மையை முடித்துவிடுவாள். நான் தீட்டிய ஆடு ஒன்றைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கொலைக்குமா?" என்று கேட்டவள். அந்த ஆடு பார்க்க நாய் மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு வருஷம் கம்பெனிக்கு கிறிஸ்துமஸ் குடில் பொம்மை ஆர்டர் வந்தது. கோணிப்போன, புள்ளி விழுந்த செகண்ட்ஸ் பொம்மைகளை எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவரை எங்கள் தெருக் குடிலில் அட்டையில் வெட்டிய படங்கள்தான். இப்போது நிஜப் பொம்மை கிடைத்ததே என்று, சாப்பாட்டு நேரத்தில் நானும் சிவகாமியும் உட்கார்ந்து தீட்டினோம். மாதாவை அவளிடம் கொடுத்தேன். முகம் அவள் கையில்தான் நன்றாக வரும்.

அன்று காலையிலிருந்து அவள் கல்யாண ஜோடிப் பொம்மைகளுக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தாள். கண், புருவம், உதடு, கடைசியில் ஒரு பொட்டு. பெண் பொம்மை என்றால் கை அதே வரிசையில் போகும். மாதாவுக்கும் போய்விட்டது. ரெண்டு பேருமே கவனிக்கவில்லை. சூளையிலிருந்து வந்த பிறகு பார்த்தால், நீல முக்காட்டுக்குக் கீழே, நெற்றி நடுவில், செக்கச்செவேல் என்று ஒரு பொட்டு.

சிவகாமி அழுதுவிட்டாள். "கைப் பழக்கத்துல வெச்சிட்டேங்கா. உங்க சாமிக்கு வெக்கக் கூடாது இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்கும்போது என் நெற்றியிலேயே பொட்டு இருந்தது. என் அம்மா வைத்தாள், என் மாமியார் வைத்தாள். எங்கள் தெருவில் பொட்டு வைக்காமல் பூசைக்கு வந்த பெண் அந்தக் காலத்தில் இல்லை.

ஆனாலும் எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் காட்டினோம். அவர் மாதாவைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மூரு பொம்பள மாதிரி லட்சணமா இருக்காங்க. இருக்கட்டும்" என்றார். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் விசாரணை.

எங்கள் தெருக் குடிலுக்கு ஒரு முறை உண்டு. பொம்மைகளை ஒரே பெட்டியில் பூட்டி வைக்கமாட்டோம். வருஷம் முழுக்க ஒரு வீட்டில் ஒரு பொம்மை. எங்கள் வீட்டில் அந்த நாய்முக ஆடு. கோடி வீட்டில் சூசையப்பர். இன்னொரு வீட்டில் ஒட்டகம், அது பீங்கான்கூட இல்லை, மங்கலம்பேட்டை பாய் ஒருத்தர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, முதுகில் சாவி கொடுத்தால் தலையாட்டும். இருபத்து நாலாம் தேதி பொழுது சாய்கிற நேரத்தில், மூங்கில் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, டேப் மேளம் அடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு தட்டு அதிரசம், ஒரு பொம்மை. கடைசி வீட்டைத் தாண்டும்போது குடும்பம் மொத்தமும் சேர்ந்திருக்கும். குடிலுக்குப் புல் வேண்டுமே, அதற்குப் பத்து நாள் முன்பே கம்பெனியில் கழித்த கோப்பைகளில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்துவிடுவோம். பிள்ளைகள் யார் கோப்பை உயரமாக முளைத்தது என்று சண்டை போடுவார்கள். அந்த ஈர மண் வாசனையும் அதிரச வாசனையும் சேர்ந்தால்தான் எனக்கு கிறிஸ்துமஸ்.

மாதா யார் வீட்டில் இருப்பது என்று கேட்டபோது, சிவகாமியே, "தப்பு பண்ணது நானு, நானே வெச்சிக்கறேங்கா" என்றாள். சிலர் முணுமுணுத்தார்கள். உபதேசியார், "அன்னிக்கு புள்ள பெக்க எடம் கெடைக்காம மாதா அலஞ்சாங்க. இங்க ஒரு பொண்ணு எடம் குடுக்குது. வேணாம்னு சொல்ல நாம யாரு?" என்று முடித்துவிட்டார்.

அதிலிருந்து மாதா சிவகாமி வீட்டுச் சாமி மாடத்தில், முருகனுக்கும் விளக்குக்கும் நடுவில். எங்கள் பாட்டுக் கூட்டம் அவள் சந்துக்குள் திரும்பும்போதே அவள் வாசலில் நிற்பாள். மாதாவைக் கழுவித் துடைத்து, ஒரு முழம் மல்லி சுற்றி, புதுத் துண்டில் வைத்துக் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே பேச்சு. "மாசமா இருக்கறவங்க, மெதுவா தூக்கிட்டுப் போங்க." ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பச்ச ஒடம்பு, வெயில்ல நிக்க வெக்காதீங்க" என்று முந்தானையால் மூடி வாங்கிக்கொள்வாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் கர்த்தர் பிறப்பை அவள் நினைத்த மாதிரி எங்களில் எத்தனை பேர் நினைத்தோம்?

பால் பொங்குகிறது என்று நான் எழுந்து போனதெல்லாம் இனி வருவதற்குப் பயந்துதான்.

உபதேசியார் காலம் முடிந்தது. தெருவில் குடில் குழு என்று ஒன்று வந்தது. என் கொழுந்தன் அதற்குச் செயலாளர், அப்போது அவன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். ஒரு வருஷம் குடில் போட்டி வைத்தார்கள். பார்வையிட வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்களாம். கொழுந்தனுக்கு அப்போதுதான் பொட்டு கண்ணில் பட்டது. இருபது வருஷத்துக்குமேல் அதே மாதாவின் முன்னால் முழங்கால் போட்டவன். சிவகாமி வீட்டுக்குப் போய், பழசாகிவிட்டது, பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்று சொல்லி பாட்டுக் கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்பே வாங்கி வந்துவிட்டான்.

எங்கள் வீட்டுப் பின்னால், துணி துவைக்கிற கல்லில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தான். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அது சூளையில வெந்ததுப்பா, போவாது" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணி. உங்களுக்கு என்னா தெரியும்?"

எனக்கு அது ஒன்றுதான் தெரியும். அதையும் தெரியாது என்றான்.

வெள்ளை பெயின்ட் பூசினான், பளபளப்பில் ஒட்டாமல் வழிந்தது. பிறகு இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடின் முனையை வைத்து நெற்றியில் தட்டினான். மூன்றாவது தட்டில் நெற்றி சில்லாகப் பெயர்ந்தது. பிடித்திருந்த கையிலிருந்து பொம்மை நழுவி, கல்லில் விழுந்து, கழுத்தோடு தலை தனியாகப் போய்விட்டது. அவன் முகம் வெளுத்துப்போனது. துண்டுகளைப் பொறுக்கி சாக்கில் போட்டான். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வெளிய சொல்லாத. தம்பி பேரு கெட்டுடும்" என்றார்.

அந்த வருஷம் பாட்டுக் கூட்டம் சந்துக்குள் திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது. சிவகாமி வாசலில் மல்லிகைப் பூவோடு நின்று பார்த்திருக்கிறாள். பிறகு அவளே நடந்து குடிலுக்கு வந்தாள். கையில் பூ, இன்னொரு கையில் முளைவிட்ட கேழ்வரகுக் கோப்பை. குடிலில் கடையில் வாங்கிய புது மாதா, நெற்றி சுத்தமாக, யாரோ வெளிநாட்டு டீச்சர் மாதிரி.

"நம்ம மாதா எங்க தம்பி?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"அது ஒடஞ்சிடுச்சி. நீ குடுக்கும்போதே கழுத்துல விரிசல் இருந்துது."

"விரிசலா? முந்தாநேத்து குடுக்கும்போதுகூட கழுவி தொடச்சேனே."

"அப்ப தொடைக்கும்போது உட்டிருப்ப."

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னைத் தேடினாள். நான் குடில் கூரையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க வூட்லதான வெச்சிருந்தாங்க."

நான் சொன்னேன்: "நான் ஒண்ணும் பாக்கல சிவகாமி."

அவள் குனிந்தாள். கேழ்வரகுக் கோப்பையைக் குடில் ஓரத்தில் வைத்தாள். பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கர்த்தரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தார் என்று கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் சொன்னேன், மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் சாமியார் காதில் சொன்னது சிவகாமியின் பேரைத் திருப்பிக் கொடுத்துவிடாது.

இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த வருஷம் குடில் குழு ஒரு கிறிஸ்துமஸ் மலர் போட்டிருக்கிறது, வழவழப்பான தாளில். கேட்டுக்குப் பெயின்ட் அடித்த அன்றைக்குத்தான் பேத்தி அதை வாசித்துக் காட்டினாள். பழைய சொரூபங்கள் பிற சமயத்தார் வீட்டில் கவனமில்லாமல் வைக்கப்பட்டதால் உடைந்துபோயின, அதன்பிறகு குழு பொறுப்பெடுத்துக்கொண்டது என்று ஒரு வரி. டர்பன்டைன் வாசனையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். கவனமில்லாமலாம். மாதாவை வெயில் படாமல் முந்தானையால் மூடி வாங்கியவள் கவனமில்லாதவளாம். கல்லில் வைத்துப் பிளேடால் கொத்தியவன் பொறுப்பெடுத்தவனாம்.

அன்று சாயங்காலமே கொழுந்தன் வீட்டுக்குப் போனேன்.

"அந்த வரிய யாரு எழுதுனது?"

"நான்தான். ஏன் அண்ணி, பேரு எதுனா போட்டுருக்கா?"

"பேரு போடல. வூட்ட காட்டியிருக்க. தெருவுல வேற யாரு வூட்ல மாதா இருந்தாங்க?"

"பண்டிக நாளும் அதுவுமா ஏன் பழச கிளறுறீங்க. அன்னிக்கு நீங்களும்தான பாக்கலன்னு சொன்னீங்க."

அவன் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

இப்போது எங்கள் தெருவில் குடில் பொம்மை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகிறது. முடிந்ததும் அதே பெட்டியில் போய்விடுகிறது. எந்த வீட்டிலும் எதுவும் தங்குவதில்லை. பாட்டு வேனில் ஸ்பீக்கரில் போகிறது, அது சந்துக்குள் திரும்ப முடியாத அளவுக்குப் பெரிய வேன். எங்கள் ஆட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தலையாட்டும் ஒட்டகம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கேழ்வரகுக்குப் பதில் பச்சைப் பிளாஸ்டிக் பாய்.

சிவகாமி இப்போது நல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். சந்தையில் எப்போதாவது பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா" என்பாள், நிற்காமல் போய்விடுவாள். அவள் மகள் ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "சாமி மாடத்த அம்மா கூடவே எடுத்தாந்துடுச்சி பெரியம்மா. நடுவுல மட்டும் எடம் காலியா உட்டிருக்குது. எதையும் வெக்க உட மாட்டேங்குது." பஸ் நல்லூர் வருவதற்குள் நான் இறங்கிவிட்டேன். நான் போக வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. நடந்து போனேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டப் போகிறேன். கதவைத் திறப்பாளா தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் நின்று வாசிப்பேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், இருக்கிறபடியே சொல்லுங்கள். என் கொழுந்தனை இதைவிடக் கெட்டவனாக ஆக்க வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு என் பொய்யை எடுத்துவிட வேண்டாம். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று முடிவில் ஒட்டவும் வேண்டாம், அது நடக்கவில்லை. பொட்டு வைத்த மாதாவை உடைத்தது யார் என்று யாராவது கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும்: சிவகாமி கொடுக்கும்போது அது முழுசாக இருந்தது. உடைந்தது எங்கள் வீட்டில். நான் பார்த்தேன்.