எலுமிச்சம்பழத்துக்குப் பயந்த வண்டி

வாடகைக் கார் ஓட்டுவது, முகம் தெரியாதவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச்சு வாங்குகிற தொழில். இந்தத் தொழிலுக்காகத்தான் சின்ன எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். ஏழு பேர் உட்காரும் வண்டியாக வாங்கச் சொன்னாள் என் மனைவி கலா. நான் கேட்கவில்லை. விளம்பரத்தில் என் வண்டி மலை ஏறியது. சிங்கப்பூரில் மலைக்கு எங்கே போவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுப் பேச்சை மீறி வண்டி வாங்கிய சகோதரர்களே, மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

முதல் பூஜை

சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. தடியான சாமந்தி மாலை ஒன்றை வாங்கி, முன்பக்கம் முழுக்க மறையும்படி நானே கட்டினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிய குருக்கள், ஓரமாக நகர்ந்து "எடுங்கோ" என்றார். எடுத்தேன். வண்டி கீச்கீச்சென்று கத்தி, தானே பிரேக் போட்டு நின்றது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் நின்றது. பின்னால் காத்திருந்த இரண்டு கார்க்காரர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே ஏதாவது இருந்தால் தானே நிற்கிற வண்டி அது. அதன் கண் இருக்கும் இடத்தில்தான் நான் மாலையைக் கட்டியிருந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். மாலையைக் கழற்றியதும் பழம் நசுங்கியது, ஆனால் கலா ஏறவில்லை.

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கே பயப்படுற வண்டியில நான் வர மாட்டேங்க. எனக்கு பஸ்ஸே போதும்."

சாங்கிக்கு நாலு பெட்டி

ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், குடும்பத்தோடு சாங்கி விமான நிலையம் போக ஏறினார். பெட்டி நாலு. "பெரிய வண்டி, கவலைப்படாதீங்க பாய்" என்று நானே வாயைக் கொடுத்தேன். பின்னால் டிக்கியில் இரண்டு பெட்டிதான் போனது. மூன்றாவது அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. நாலாவதை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தாடையை ஊன்றியபடி முன்சீட்டில் வந்தார் பாய். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வெளிய பார்த்தா பங்களா, உள்ள வந்தா ஓரறை வீடு லா தம்பி."

வீட்டில் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கலா பஸ் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

துவாஸிலிருந்து

துவாஸ் தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து பூன் லே வட்டாரத்துக்கு இரண்டு தமிழ்நாட்டுத் தம்பிகள். இவர்களிடமாவது நல்ல பேர் வாங்கலாம் என்று, வேகத்தடைகளில் வேகத்தைக் குறைக்காமல் ஏற்றி இறக்கினேன். மேடு பள்ளமே தெரியாது என்றுதான் விற்றவர் சொன்னார். என் தலை கூரையில் இடித்தது. எப்படி இருக்கு என்று வேறு கேட்டேன்.

"தினமும் வேலைக்கு லாரி பின்னாடி உக்காந்துதான் போறோம்ண்ணே. இதுவும் அப்படியேதான் குலுக்குது, ஏசி மட்டும் எக்ஸ்ட்ரா."

ஆறு மாதம் கழித்து

தேக்கா மார்க்கெட் வாசலில் மழையில் மாட்டிக்கொண்ட கலா, வேறு வழியில்லாமல் என்னை அழைத்தாள். ஆறு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். கீரையும் முட்டையுமாக முன்சீட்டில் ஏறினாள். பஃபலோ ரோட்டில் வண்டியின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், ஏதாவது தலையாட்டுகிறாளா என்று.

அந்த நேரத்தில் நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து, சாப்பாடு கொண்டுபோகும் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. வண்டி பார்த்தது. கீச்சென்று கத்தித் தானே நின்றது. சைக்கிள்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான்தான் உண்மையாகவே பயந்துபோனேன். கலா கீழே விழுந்த கீரைக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மாலைக்கு நின்னுச்சு, இன்னைக்கு மனுஷனுக்கு நின்னுருக்கு. இனிமே நான் வரேங்க, வண்டிய நம்பி. உங்கள நம்பி இல்ல."

ஆறு மாதம் வண்டிக்காக நான் வாதாடிய வழக்கில் கடைசியில் ஜெயித்தது வண்டி, தோற்றது வக்கீல்.