ஞானசீலன் கைவிட்ட வாதம்

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சுஜா அறிவியல் டீச்சர், ஞானசீலன் கணக்கு வாத்தியார். இருவருக்கும் பல வருஷமாக ஒரே சண்டை. முதல் உயிர் ஆழ்கடலடியில் வெந்நீர் பீறிடும் பிளவுகளில் பிறந்தது என்பார் அவர். இல்லை, காய்ந்தும் நனைந்தும் கிடந்த நிலத்துக் குட்டையில்தான் என்பாள் இவள். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது.

பிள்ளைகளுக்காக ஒருநாள் அதையே மேடையேற்றினார்கள். முன்வரிசையில் இருந்த பள்ளி நிர்வாகத்தின் புதுச் செயலாளர், "அப்போ கடவுள் எதுக்கு?" என்று முகம் சுளித்தார்.

ஞானசீலன் சட்டென்று எழுந்தார். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கையே கிடையாது சார். டீச்சர் கூப்பிட்டாங்கன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சுஜா மேடையிலேயே நின்றாள். தன் பக்கத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு அவருடைய பக்கத்தையும் அவளே பேசினாள், ஒரு வாதம் விடாமல். "இன்னும் யாருக்கும் விடை தெரியாது" என்று பிள்ளைகளிடம் முடித்தாள்.

மாடிப்படியில் ஞானசீலன் அவளை மறித்தார். "என் வேலை போயிரும் சுஜா, புரிஞ்சுக்கோ."

"பயந்தா பேசாம இருந்திருக்கலாமே சார். என்னைய ஏன் கைகாட்டிவிட்டீங்க?"

அவரோடு அவள் மறுபடி வாதாடவில்லை. புதிய ஆராய்ச்சி எதையாவது படித்தால்தான், சொல்ல ஆளில்லாமல் நெஞ்சு கனக்கும்.