நாலு மணிக்கு விழித்திருந்த இருவர்

ஐம்பது வயது வரை தூக்கத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. படுத்தால் ஆறு மணிக்கு அலாரம் அடித்தால்தான் எழுவேன். பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், அதற்கு முன் சமைக்க வேண்டும், மகளுக்குத் தலை பின்ன வேண்டும். இன்னும் அரை மணி நேரம் கிடைத்தால் போதும் என்று ஏங்கிய வருஷங்கள்தான் அதிகம். ஐம்பத்து மூன்றில் அது மாறத் தொடங்கியது. முதலில் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது, பிறகு ஐந்துக்கு. ஐம்பத்தாறு முடிவதற்குள் நாலு மணிக்கு முன்பே கண் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு எவ்வளவு புரண்டாலும் மூடவில்லை.

டாக்டரிடம் போனேன். "இந்த வயசுல இது சகஜம் மேடம். சாயங்காலம் காபி வேண்டாம், படுக்கையில போன் வேண்டாம்" என்று சொல்லி, பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட நாலாம் நாள் வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். யாரும் என்னை எழுப்பவில்லை. கண் விழித்தபோது முப்பது பிள்ளைகளும் வாயில் விரல் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

எங்கள் வீடு கன்னடம் பேசும் ஊரில், மண்டி மொஹல்லா என்ற பேட்டையில், கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் இருக்கிறது. படுக்கையறை ஒன்றுதான். மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஓடிய மனிதர், இப்போதாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைப்பேன். அதனால் விழித்த பிறகும் விளக்குப் போட மாட்டேன், எழுந்து நடக்க மாட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, பால் வண்டிச் சத்தம் கேட்கும் வரை காத்திருப்பேன். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது.

ஒரு விடிகாலையில் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. "கரண்டு போச்சு" என்றேன். அதே நொடியில் பக்கத்திலிருந்தும் "கரண்டு போச்சு" என்று குரல் வந்தது.

இருட்டில் அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்ப முழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நாலுக்கு முன்னாடியே. தெனமும் அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"நீ தூங்குறேன்னு நெனச்சேன். பள்ளிக்கூடம் போறவ, எதுக்கு எழுப்பணும்னுதான்."

சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் மூச்சைக்கூட அடக்கிப் படுத்துக் கிடந்திருக்கிறோம். அன்று மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் காபி குடித்தோம். மறுநாளிலிருந்து நாலே காலுக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது.

முதலில் பேச ஒன்றும் இல்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில், இரண்டு பேரும் வேலை ஒன்றும் இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்த நேரமே குறைவு. அவர் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் மோட்டார் ரிப்பேர், மகளுக்கு வந்த வரன், கொள்ளேகாலில் இருக்கும் அவருடைய அண்ணனின் முழங்கால் என்று பேசினோம். சில நாள் பேசாமலும் உட்கார்ந்திருந்தோம். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில், நல்ல குளிர் நாளில், அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "அவனுக்கு இந்த மாசம் இருபத்தொம்போது முடிஞ்சிருக்கும்."

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. பத்தொன்பது நாள் இருந்தான். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தார். அவன் போன இரவு இவர் ஷிப்டில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபேக்டரி வாசல் ஆபீசுக்குப் போன் செய்தார்கள். தகவல் அவரிடம் போய்ச் சேர்ந்து, முதல் பஸ் பிடித்து வந்தார். பச்சை உடம்புக்காரி வரக் கூடாது என்று என்னைக் கல்லறைக்கு அழைத்துப் போகவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாளே இவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நான் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை போய் மூன்று நாளில் ஒரு மனிதனால் எப்படி வேலைக்குப் போக முடிகிறது என்று நினைத்தேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்காமல் இருபத்தொன்பது வருஷம் வைத்திருந்தேன்.

அன்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நான் வேலைக்குப் போகல" என்றார்.

"டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போனீங்களே?"

"எடுத்துட்டுத்தான் போனேன். கல்லறைக்கிட்ட பஸ்ஸை விட்டு எறங்கி அங்கயே உக்காந்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தேன். அந்த வாரம் பூரா அப்படித்தான். வீட்ல உன்ற மொகத்தப் பாக்க என்னால முடியல. என்ற கையாலதான் அவனக் குழிக்குள்ள வெச்சேன். அத உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அழுகை எனக்குத்தான் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது. அறுபத்தொரு வயது மனிதர், குளிருக்குத் தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தார், அதன் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் தலை என் வயிற்றில் சாய்ந்தது. வெளியே யாரோ கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல்லறைக்குப் போனோம். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு முழம் செவ்வந்தி. முதல் பத்து வருஷம் அவர் யாருக்கும் தெரியாமல் வந்துகொண்டிருந்தாராம். ஒருமுறை வந்தபோது அவன் குழிமேல் நட்டிருந்த மரச் சிலுவை இல்லை. அதோடு விட்டுவிட்டாராம்.

காவலாளியிடம் விசாரித்தோம். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹளேது சிகல்லம்மா" என்றார். பழையது கிடைக்காது. சின்னப் பிள்ளைகளின் குழிகள் இருந்த வரிசையில் இடமில்லாமல் பெரியவர்களை அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கன்னடத்திலேயே விளக்கினார். குரலில் கடுமை இல்லை.

கணவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பின்சுவர் மூலையிலிருந்து அடி எண்ணிக்கொண்டு நடந்தார். பதினான்காவது அடியில் நின்றார். அவர் காலடியில் கறுப்பு கிரானைட் போட்ட ஒரு கல்லறை, யாரோ ஒரு அம்மாளுடையது. கல்லுக்கும் அடுத்த கல்லறைக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண் தெரிந்தது. அங்கே குனிந்து நின்று அவர் பையனின் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத பெயர். நானும் சொன்னேன். சொல்லும்போது நாக்குக்குப் பழக்கமில்லாத சொல் மாதிரி இருந்தது. பூவை அந்த மண்ணில் வைத்தோம். அந்த அம்மாளுக்கும் ஒரு ஜெபம் சொன்னோம்.

மகளிடம் அன்று மாலையே போனில் சொன்னேன். தனக்கு முன்னால் ஒரு குழந்தை தவறிப்போனது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் கேட்டு அழுதாள். "யாக்கம்மா, இஷ்டு தினா ஏன் சொல்லல?" என்றாள். அழும்போது அவளுக்குக் கன்னடம் கலந்துதான் வரும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குத் தூக்கம் திரும்பிவிட்டது. கோடைக்குள் ஆறு மணி, ஆறரை வரை குறட்டை விட்டுத் தூங்கத் தொடங்கினார். எனக்கு வரவில்லை. இப்போதும் மூன்றே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் படுத்துக் காத்திருப்பதில்லை. எழுந்து நோட்டுப் புத்தகம் திருத்துகிறேன், கொஞ்சம் ஜெபிக்கிறேன், சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முன்பு அந்த நேரத்தில் இருந்த பாரம் இப்போது இல்லை. துக்கம் இருக்கிறது. அது வேறு.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மகள் வந்தாள். மூவரும் போனோம். கறுப்புக் கல்லறையைச் சுற்றி அந்தக் குடும்பம் நின்றிருந்தது. கல் முழுவதும் பூவும் மெழுகுவத்தியும். எங்களுக்குத் தயக்கமாகிவிட்டது. கணவர் திரும்பிப் போகலாம் என்பது போல என்னைப் பார்த்தார். மகள்தான் முன்னால் போய், அந்த வீட்டுப் பெரிய அம்மாவிடம் தணிந்த குரலில் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். குனிந்து, தாங்கள் வைத்திருந்த பூக்களை இரண்டு கையாலும் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"பன்னி" என்று கன்னடத்தில் எங்களைக் கூப்பிட்டார். "வாங்க" என்று என் கணவர் எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு, மெழுகுவத்தியோடு முன்னால் போனார்.