காருக்கு ஒரு மஞ்சள் கை

ஃபிலோமினாக்கா போய்விட்டார். காலையில் அம்மா போன் செய்து சொன்னார்... தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வீட்டு போட்டோ எதையும் போட்டதும் இல்லை. இன்று ஒன்று போட்டிருக்கிறேன், அவருக்காக.

வடக்குத்து மெயின் ரோட்டில் குஷன் கடை வைத்திருந்தவர். ஸ்கூட்டர் சீட், ஜீப் சீட், லாரி டிரைவர் சாய்கிற மெத்தை... நெய்வேலியில் வண்டியில் போகிற எல்லோரும் ஒரு தடவையாவது அவர் தையல் மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா மைன்ஸில் ஃபோர்மேன். பாண்டிச்சேரியில் யாரோ ஒருவர் கோழி அடைத்து வைத்திருந்த பழைய காரை வாங்கி வந்து, ஆறு வருஷம் லீவு நாளெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் அதற்கடியில் படுத்துக் கிடந்தார்.

1930-களில் செய்த திறந்த கார். மேலே மடக்குகிற துணிக்கூரை உண்டு. பக்கவாட்டில், கதவுக்கு மேலே... வெறும் காற்றுதான்.

என் அக்கா சுதாவுக்குக் கல்யாணம் முடிவானதும், மணப்பெண்ணை இந்தக் காரில்தான் சேத்தியாத்தோப்பு மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முகூர்த்தம் ஐப்பசியில். அதாவது, மழையில்.

சுதா ஒரே வரியில் முடித்தாள். "பட்டுப்புடவையில ஒரு சொட்டு விழுந்தாலும் டாக்ஸிதான்ப்பா."

அப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார்.

மறுநாள் ஃபிலோமினாக்கா வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கறுப்பு ரெக்சினில் மழைத்திரை தைத்து, டிச் பட்டன் வைத்து, வேண்டும்போது மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்துவிடலாம் என்றார்.

ஆனால் காலி வண்டிக்கு அளவெடுக்க மாட்டாராம். ஆள் ஏறினால் சீட் அமுங்கும், கதவு இறங்கும். யார் போகப்போகிறார்களோ அவர்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகராத காரில், முழுக் குடும்பமும் ஒரு மணி நேரம்... சுதா மட்டும் அலங்காரக் கொண்டை உயரத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு. எங்களைச் சுற்றி ஃபிலோமினாக்கா நியூஸ்பேப்பரை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த எதிர்வீட்டு அங்கிள், குடும்பத்தோடு எங்கே பயணம் என்று கேட்டார்.

"எங்கியும் இல்லீங்க, சும்மா ஒக்காந்துகினு இருக்காங்க" என்றார் ஃபிலோமினாக்கா, வாயில் குண்டூசியோடு.

திரையில் ஜன்னலுக்கு எங்கள் டைனிங் டேபிள் மேல் கிடந்த பிளாஸ்டிக் ஷீட். அம்மாவிடம் கேட்கவில்லை, பாத்திரங்களை நகர்த்திவிட்டு உருவிக்கொண்டார். ஊசி ஓட்டையில் தண்ணீர் இறங்காமலிருக்க, சர்ச்சில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தியைத் தையல் நெடுகத் தேய்த்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நல்ல மழை. அப்பா ஓட்ட, சுதா மடியில் வெள்ளைப் பேப்பரை விரித்துக்கொண்டு ஆர்ச் கேட் வரை போய் வந்தாள். பேப்பரில் பொட்டு ஈரம் இல்லை. சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அப்பா இறங்கவில்லை. அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்து வண்டி, இண்டிகேட்டர் கிடையாது. வலப்பக்கம் திரும்ப டிரைவர் கையை வெளியே நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்பக் கையை வட்டமாகச் சுற்ற வேண்டும்.

திரை அவ்வளவு கச்சிதமாக மூடியிருந்ததில், கை வெளியே போக வழியே இல்லை. ரவுண்டானாவில் பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகியிருக்கிறது.

பெண்ணை வைத்துக்கொண்டு ஹைவேயில் இப்படிப் போக முடியாது, டாக்ஸிக்குச் சொல்லிவிடு என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஃபிலோமினாக்கா டிரைவர் பக்கத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒக்காரத்தான் சொன்னேன் சார்... ஓட்டச் சொல்லலியே. என் தப்புதான்."

பிறகு வராந்தா ஆணியில் தொங்கிய அப்பாவின் மைன்ஸ் ரெயின்கோட்டைக் காட்டினார். நல்ல மஞ்சள்.

"இது ஒழுவுமா சார்?"

"ஒழுகாதும்மா. எத்தன மழ பாத்திருக்கு."

அவ்வளவுதான். கத்தரிக்கோலை எடுத்து அதன் வலது கையைத் தோளோடு வெட்டிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில், திரையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதில் அந்த மஞ்சள் கை. சட்டை போடுவது மாதிரி உள்ளிருந்து கையை நுழைத்து சிக்னல் காட்ட வேண்டியது, காட்டியதும் இழுத்துக்கொள்ள வேண்டியது.

கல்யாணத்தன்று விடியும்போதே மழை. தையல் விட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊசி நூலோடு ஃபிலோமினாக்காவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் அப்பா கை காட்டிய இடத்திலெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். அப்பா மஞ்சள் கையைச் சுற்ற, ஒரு ஸ்கூல் பஸ்ஸே சேர்ந்து கையைச் சுற்றியது.

"ஓட்டு கேக்க வந்துகினு இருக்கோம்னு நெனச்சிட்டாங்க போல சார்."

அப்பா சிரித்ததில் வண்டி ஒரு தடவை குலுங்கியது.

மண்டப வாசலில் சுதா இறங்கியபோது புடவையில் ஒரு சொட்டு இல்லை. அப்பா அன்றைக்கு இரண்டு பந்தியில் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் மீந்த ரெக்சினில் ரெயின்கோட்டுக்கு ஒரு கறுப்புக் கை வந்து சேர்ந்தது. ரிட்டயர் ஆகும்வரை, மைன்ஸில் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அது அப்பா என்று எல்லோருக்கும் தெரியும்.

போட்டோவில், ஜன்னலுக்குப் பின்னால் மங்கலாகச் சிரிப்பவர்தான் ஃபிலோமினாக்கா. முகத்துக்குப் பக்கத்தில் தெரிகிற வட்டம், எங்கள் வீட்டுக் காபி டம்ளர் சுட்டது. மஞ்சள் கை அந்தப் பக்கம் இருக்கிறது.

சாயங்காலம் அடக்கம். அப்பா காரை வெளியே எடுத்துவிட்டாராம்.

அங்கே நல்ல வெயில். ஆனாலும் டிரைவர் பக்கத் திரையை மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். வெயிலில் இது எதற்கு என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"சர்ச்சுகிட்ட திரும்பணுமே. கை காட்ட வேணாமா?"

போய் வாங்க, ஃபிலோமினாக்கா.