முதல் டம்ளர் கஷாயம்

மார்கழியில் பிடித்த இருமல் தை பிறந்தும் என்னை விடவில்லை. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் மனைவி, கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புதுப்புதுக் கஷாயமாக வைத்தாள். ஆனால் முதல் டம்ளர் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பிக்குப் போனது. அவனும் இருமுகிறானாம். எனக்கு மறுநாள்தான், அதுவும் சுடவைத்த பழசு.

அவன் இருமலில்கூட ஒரு ராகம் இருப்பதாகத் தோன்றி என் வயிறு எரிந்தது. ஆடாதொடைக் கஷாயத்தோடு அவள் படியேறிய அன்று, டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

“ஏங்க, அதை எதுக்குக் குடிச்சீக?” அவள் பதறினாள். “எங்க கம்பெனியில புதுச் சரக்குல ஒண்ணை வெடிச்சுப் பாத்துட்டுத்தான லோடு ஏத்துவாக? அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தான் உங்களுக்குத் தருவேன்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்து, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்தேன். கடைசியில் ஓர் ஏப்பம்தான் வந்தது.

மாடிக்காரன் எட்டிப் பார்த்தான். “அண்ணாச்சி நல்லாத்தான இருக்காக? அப்ப நான் நாளைக்குக் குடிக்கேன் மதினி.”

இப்போதெல்லாம் நான் குடித்தாயிற்று என்று சொல்லி, முதல் டம்ளரை நானே மாடிக்குக் கொண்டுபோகிறேன். விடிந்ததும் அவன் இருமுவது கேட்டால் பொறாமை வருவதில்லை. உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் என் டம்ளரை எடுக்கிறேன்.