சங்க அறைச் சாவி

எங்கள் குடியிருப்பு காக்களூர் ஏரிக்குக் கீழே இருந்தது. தரைத்தளத்தில் ஆறு வீடு, மாடியில் ஆறு வீடு. எல்லாம் தொழிற்பேட்டை ஆட்கள் தவணையில் வாங்கியவை. எழுபதுகளில் அங்கே சங்கம் தொடங்கியபோது என்னைச் செயலாளராக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தால் சும்மா இருப்பானா?

முதல் கூட்டத்திலேயே ஒன்றாம் வீட்டு லேத்துக்காரர் எழுந்தார். "ஊட்ல அவ நெறமாசமா கீறா. ஏரி ஒடஞ்சா மொதல்ல என் ஊட்லதான் தண்ணி பூரும். இன்னா செய்யப் போறீங்க?"

ஒரு வாரம் உட்கார்ந்து வெள்ளக்காலத் திட்டம் எழுதினேன். பதினான்கு விதிகள். கர்ப்பிணியை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் மாடிக்குத் தூக்க வேண்டும் என்பது மூன்றாவது. நால்வரின் பெயரையும் குறித்தேன். அந்த நாற்காலியை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சங்க அறையில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நிறைமாதக்காரியை அலைக்கழிக்க வேண்டாமென்று அவருக்குப் பதில் சங்கத் தலைவர் உட்கார்ந்தார். ஆள் கொஞ்சம் கனம். தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"பெருமாள் பொறப்பாடு கெளம்பிடுச்சு! கொடை எங்கப்பா?" என்றார் மாடிவீட்டு அக்கா.

தலைவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்னொரு தரம் பார்த்துவிடலாமே என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏரி ஞாயித்துக்கெயமதான் ஒடையுமா?"

கேலி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏரி கரையை மீறியது. திட்டத்தில் பெயர் இருந்த அத்தனை ஆண்களும் பேட்டையில் பகல் ஷிப்டில் இருந்தோம். பெண்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எழுதவில்லை, கூட்டத்துக்கே கூப்பிட்டதில்லை.

செய்தி வந்ததும் ஓடினோம். லேத்துக்காரர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். குடியிருப்பில் முழங்கால் தண்ணீர். ஒன்றாம் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாய் ஒன்று மிதந்தது. அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"இன்னாத்துக்குப்பா கத்துற? மேல வா!" என்றது அக்காவின் குரல்.

அக்கா வீட்டில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்களாம். லேத்துக்காரர் ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாற்காலி எடுக்கப் போனோம் தம்பி. பூட்டிக்கினு இருந்துச்சு," என்றார் அக்கா.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"நாலு பேரு தூக்க நான் இன்னா தலைவரா? நடந்தே வந்துட்டேன்," என்றார் அந்தப் பெண், வாயில் உப்புமாவோடு.

சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். முந்தானையில் முடிந்துகொண்டார். "அந்தப் பதினாலு ரூலையும் ஒரு தபா படிச்சிக் காட்டு. வேண்டாதத அடிச்சிடலாம்."

படித்தேன். நான்கு மிஞ்சின.